மாப்பிள்ளையின் கண்ணைக் காத்த அபிதகுஜாம்பாள் அம்மையாருக்கு

குருதியின் குறும்பறிந்த குணக்குன்றே! வலியோடு வந்தவர்க்கு வழித்துணையே! பெயரை ஒரே மூச்சில் சொல்லத் திணறிய எங்களுக்காக 'அபி மேடம்' எனச் சுருங்கிக்கொண்ட பெருந்தகையே! இரத்தநோய்ப் பிரிவைத் தோற்றுவித்து, இந்த 2008ஆம் ஆண்டில் பணி நிறைவு பெறும் எங்கள் தலைமை மருத்துவரே, வணக்கம்!

பிறவியிலேயே வரும் இரத்தக் கோளாறு மூட்டுவலியோடு நிற்பதில்லை. அரிவாள்போல் வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைத்து அழற்சியூட்ட, உடல் பதறிப்போய்ப் புதுக் குழாய்களை வளர்க்கும், வளர்ந்தவை வலுவின்றி உடையும், உடைவது விழித்திரையில் என்றால் பார்வையே பறிபோகும் என்று நீங்கள் சொல்லாத நாளில்லை. கேட்டு நாங்கள் கொட்டாவி விடாத நாளுமில்லை. பொறுத்தருள்க!

அதை எங்களுக்குப் புரியவைத்தவர், இந்நோயோடு பிறந்து, கீழ்க்கட்டளையில் செல்போன் கடை நடத்தும் பர்வேஸ். மூட்டுவலி மாத்திரைக்குத் தவறாமல் வருவார். கண் பரிசோதனை என்றதும் கம்பி நீட்டுவார்.

"கண்ணு சூப்பரா கீது மேடம். எதிர்க்கடை போர்டை இங்கேருந்தே படிப்பேன்."

"எதிர்க்கடை தெரியும்பா. கண்ணு ஓரத்துல ரத்தக்குழாய் முளைச்சா உனக்குத் தெரியாது."

அவரோ கல்யாணப் பத்திரிகையை நீட்டிவிட்டுத் தப்பினார். நீங்கள் கல்யாணத்துக்கே போனீர்கள்! நிக்காஹ் முடிந்து, பிரியாணியில் கைவைத்த மாப்பிள்ளையின் முன் நின்றீர்கள்.

"சாயங்காலம்தானே ரிசப்ஷன்? அதுக்குள்ள கண்ணைக் காட்டிட்டு வந்துடலாம். ஆட்டோ நிக்குது."

தந்தை அத்தாவுல்லா, "இன்னிக்குப் போயா மேடம்?" என்று தவித்தார். உள்ளிருந்து மணமகள் ஆஃபியாவின் குரல் வந்தது: "போய்ட்டு வரச் சொல்லுங்க மாமா. கண்ணு நல்லா இருந்தாத்தானே என்னை ஒழுங்காப் பார்ப்பாரு!"

மண்டபமே சிரிக்க, மாப்பிள்ளை ஷெர்வானியோடு ஆட்டோவில் ஏறினார்.

கண் மருத்துவர் பார்த்ததும் சிரிப்பு நின்றது. இரு விழித்திரைகளின் ஓரத்திலும் புதுக் குழாய்கள் கிளைத்திருந்தன. ஒன்று கசியவும் தொடங்கியிருந்தது. அடுத்த வாரமே லேசர் சிகிச்சை, பார்வை தப்பியது. அன்று பரிசோதனைக்காக விட்ட சொட்டு மருந்தால் கண் விளக்கொளிக்குக் கூசி, வரவேற்புப் படங்கள் அனைத்திலும் மாப்பிள்ளை கண் மூடியிருப்பது ஒன்றே குறை! "ஆல்பம் பூரா தூங்கிக்கினு கீறேன் மேடம்" என்று சிணுங்கியவர், அடுத்த கணம் உங்கள் கையைப் பற்றிக்கொண்டு நிஜமாகவே அழுதார். நாங்களும்தான்.

அறிவின் ஆழமே! அன்பின் அதட்டலே! நோயின்றி, நூறாண்டு கடந்தும் நிமிர்ந்து நடப்பீராக! இனி உங்கள் கேள்விகளுக்கெல்லாம் தனியாளாகப் பதில் சொல்லப்போகும் கணவர் கஸ்தூரிரங்கன் ஐயாவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்! நாளைக் காலை "அந்த ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்க ஆளிருக்காது, தேநீரைச் சூடாகவே குடிக்கலாம். தொண்டையில் இறங்குமா என்பதுதான் தெரியவில்லை.

அன்பும் அச்சமும் மாறாத,
இரத்தநோய்ப் பிரிவு ஊழியர்கள்,
தாம்பரம்.