நாப்பத்திரண்டு பேருக்கு ஒரு மதர்போர்டு

ஹலோ... ஹலோ... ஆமா, வல்லிதான் பேசுறேன்... சௌந்தரவல்லிடா, ஒங்க அக்கா! குரல் மறந்துபோச்சா? ஓடி வந்தேன், அதான் மூச்சு வாங்குது. "மெட்ராஸ்லேருந்து தம்பி போன்ல நிக்கிறான்"னு பாலகுரு அண்ணன் வந்து கூப்பிட்டாரு. டைப் அடிச்சிக்கிட்டு இருந்தவ கையெல்லாம் கார்பனோட வந்துட்டேன். அண்ணன் வீட்டு போன்ல மை ஒட்டாம இருக்கணும்... சரி, சொல்லு சோமு. கடையிலதான் இருக்கியா?... ரிச்சி தெருவா? நல்லது.

ம்... ம்... ஆமா, கம்ப்யூட்டருக்கு மதர்போர்டு. சொல்லு... என்னது? டூ எய்ட்டி சிக்ஸா? பில் போடச் சொல்லிட்டியா! டேய் டேய், நிறுத்து. மொதல்ல பில்லை நிறுத்தச் சொல்லு... சொன்னியா?... சத்தமாச் சொல்லு, எனக்குக் கேக்கணும்... ஆங், இப்பப் பேசு.

விலை கம்மியா இருக்குற எக்ஸ்டி போர்டுன்னு கடுதாசியில எழுதியிருந்தேனா இல்லியா?... பழசாப் போயிடும்னா போவட்டும். நானும்தான் பழசாப் போயிட்டேன்... சிரிக்காத. அந்தப் பெரிய போர்டை வாங்கிட்டா பிரிண்டர் வாங்கப் பணத்துக்கு என்ன பண்றது?... அடுத்த வருஷமா? நல்லா இருக்குடா! பிரிண்டர் இல்லாத கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு நான் என்ன, கொலுவா வைக்கப் போறேன்?

ம்... ம்... வேகமா? யாருக்கு வேகம்? நான் அடிக்கிறது சொல்தா பேப்பருடா. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து வந்தவங்க நாப்பத்திரண்டு பேரு, எல்லாரும் உயிரோட இருக்காங்கன்னு பென்ஷனுக்காக ஜனவரியில பிரான்சுக்கு அனுப்புற பேப்பரு. அதுக்கு எதுக்கு அவ்வளவு வேகம்... என்னது? ஏரோப்ளேனா? அதுல ஏரோப்ளேன் கேம் ஓட்டலாமா! அடப்பாவி, இப்பத்தான் வெளிய வருது. பொங்கல் லீவுக்கு வந்து நீ ஏரோப்ளேன் ஓட்ட, என் பிரிண்டர்தான் கிடைச்சுதா?... சரி, சரி, கோவிக்கல. கோவம் இல்லடா. நெசமாத்தான்.

இரு. கடைக்காரர்கிட்ட ஒண்ணு கேளு. அந்தப் பெரிய போர்டுல மெமரி சிப்பெல்லாம் எப்படி இருக்கு? ஈயம் வச்சுப் பத்த வச்சிருக்கா, சாக்கெட்டுல சொருகியிருக்கா?... பத்த வச்சிருக்கா. எக்ஸ்டியில?... சொருகியிருக்குல்ல? பாத்தியா! பட்டினச்சேரி அலை நம்ம வீட்டுப் படுக்கையில கேக்குது. இந்த உப்புக் காத்துல ரேடியோவே ரெண்டு வருஷத்துல பச்சை புடிச்சிடுது. சொருகினதுன்னா நம்ம ரேடியோ நடராசன் கழட்டி, சிப்போட காலைத் தொடச்சு, திரும்ப மாட்டிடுவாரு. பத்த வச்சது போச்சுன்னா மெட்ராஸுக்குத் தூக்கிட்டு ஓடணும். யாரு தூக்குவா, நீயா?... அதானே.

இன்னொண்ணு. ரெண்டையும் ஓட விட்டிருக்காங்களா?... சரி. பிரெஞ்சுல 'ஈ' எழுத்து தலையில கொம்பு வைக்கணும். டைப்ரைட்டர்ல அது கிடையாது, நான் பேனாவால வைக்கிறேன். நீ ஆல்ட்டை அமுக்கிப் புடிச்சுக்கிட்டே, வலது பக்கம் நம்பர் இருக்கு பாரு, அதுல ஒண்ணு, மூணு, சைபர் அடி. அப்புறம் கைய எடு... என்ன வந்துச்சு?... கொம்போடவா! ஐ! அண்ணே, கொம்பு வந்துடுச்சாம்! இப்ப எக்ஸ்டியில அடி... வந்துச்சா?... ரெண்டுலயும் ஒரே கொம்புதானே? பெரிய போர்டுல கொம்பு ஒண்ணும் நீளமா இல்லியே?

என்ன சோமு, இன்னும் பெரிய போர்டுலயே நிக்கிறியா?... தெரியும்டா. அக்கா ஊர்லயே பெரிய கம்ப்யூட்டர் வச்சிருக்கணும்னு ஒனக்கு ஆசை. எனக்குத் தெரியாதா? ஆனா போன ஜனவரியை நெனச்சுப் பாரு. பழைய கார்பன் காப்பியைப் பாத்து அடிச்சு, வருஷத்தை எண்பத்தொன்பதுக்குப் பதிலா எண்பத்தெட்டுன்னே போட்டுட்டேன். ஒரே ஒரு பேப்பர்ல. உத்திராபதி மாமாவுக்கு நாலு மாசம் பென்ஷன் வரல. அந்த மனுஷன் ஒரு வார்த்தை திட்டல. "பிரான்சுல நான் செத்துட்டேனாம் வல்லி"ன்னு சிரிச்சாரு. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. கம்ப்யூட்டர்ல தேதியை ஒரு தடவை மாத்திட்டா நாப்பத்திரண்டு பேருக்கும் மாறிடும். ஆனா பேப்பர்ல வந்தாத்தான்டா கையெழுத்துப் போட முடியும்... ஆமா... ஆமா... அதுக்குத்தான் பிரிண்டர் வேணும்ங்கிறேன்.

எக்ஸ்டியே போடச் சொல்லிட்டியா? பிரிண்டரும் சேத்தா?... என் ராசா! நீ நல்லா இருப்படா. பஸ்ல மடியில வச்சுக் கொண்டா, மேல போட்டுடாத... ரிப்பன் ரெண்டு சேத்து வாங்கு.

ம்? பக்கத்துல யாரு இருமுறதா? உத்திராபதி மாமாதான். பேப்பர் குடுக்க வந்தவரு, நான் ஓடுனதைப் பாத்துட்டு என் பின்னாடியே வந்துட்டாரு... ஆமா, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறாரு... மாமா, தம்பி ஒங்களுக்கு வணக்கம் சொல்றான்... "மொத பேப்பர் எனக்குத்தானே"ங்கிறாரு. ஆமா மாமா, ஒங்களுக்குத்தான்! சோமு, கேட்டுக்க. அந்த மெஷின்லேருந்து மொத மொதல்ல வர்ற பேப்பர்ல உத்திராபதி உயிரோட இருக்காருன்னு இருக்கும். தொண்ணூறுன்னு தேதி சரியாப் போட்டு...

ஹலோ... ஹலோ?... சோமு?

போச்சு, லைன் கட்டாயிடுச்சு. பரவாயில்ல மாமா, அவன் காதுல விழுந்துடுச்சு.