தண்ணி கட்டாத பாத்ரூம்

— இருபத்தி மூவாயிரத்து அறுநூத்தி அம்பது ரூபா. உனக்கு அவங்க தர வேண்டியது அவ்ளோதானப்பா?

— இன்னாத்துக்கு ஜெனி இப்ப அது? ரெண்டு வருஷமாச்சு, நானே மறந்துகினு கீறேன்.

— அம்மா மறக்கலையே. மாசத்துக்கு ஒரு வாட்டி சொல்லிக் காட்டுறாங்க.

— அவ சொல்லுவா. நீ காலேஜுல விளம்பரம் படிக்கிறியா, வசூல் படிக்கிறியா?

— விளம்பரமும் மக்கள் தொடர்பும்பா. இந்த செமஸ்டர்ல ரெண்டு மாசம் வெளிய ஒரு ஏஜென்சில வேலை பாக்கணும், அதுக்கு மார்க் உண்டு. எனக்கு வந்த கிளையன்ட் யாரு தெரியுமா? செம்பாக்கம் ஏரிப் பக்கம் நீ டைல்ஸ் ஒட்டினியே, அந்த ஃபிளாட் கட்டின வைத்தீஸ்வரன் சார்.

— அதான பாத்தேன். நான் கைல கீற சிமிட்டியக் கழுவறதுக்குள்ள டீ வந்துச்சே. நாலு நாளா என் மூஞ்சியவே பாத்துகினு கீற.

— பாக்காம? அந்த ஃபிளாட்டைப் பத்தி நெட்ல எவனோ எழுதியிருக்கான். கேளு: "நாலாவது மாடி பாத்ரூம்ல தண்ணி கட்டிப் பாக்காமலே டைல்ஸ் போட்டார்கள். கீழ் வீட்டை வாங்குகிறவர்கள் சீலிங்கைப் பார்த்து வாங்கவும்."

— கரீக்டாத்தான எழுதிகீறான்? ரெண்டு நாளு தண்ணி கட்டி வுடணும். கீழ ஈரம் எறங்கலன்னாதான் டைல்ஸு.

— பேரு இல்ல, போட்டோ இல்ல. ஆனா வேலை தெரிஞ்ச ஆளு. யாருன்னு கண்டுபுடிச்சு எடுக்க வைக்கறதுதான் எனக்குக் குடுத்த வேலை.

— அது போலீசு வேலையாச்சே.

— கெட்ட பேரைச் சரி பண்றதும் எங்க படிப்புல வருது. நேரா கேக்குறேன்பா. நீதானே?

— நாப்பது வயசுல உன் ஒண்ணாங்கிளாஸ் புக்க வெச்சு எழுத்துக் கூட்டுனவன் நானு. செல்லுல எழுதுவேனா?

— போன வாரம் சர்ச் குரூப்ல நாலு வரி ஜெபம் போட்டது யாரு?

— அது இருக்கட்டும், உன் செல்லு ஏன் குப்புறக் கீது? நான் பேசுறது அதுல ஏறுதா?

— சத்தியமா இல்ல.

— திருப்பி வைன்றேன்.

— இந்தா, பாத்துக்கோ. பெத்த பொண்ணையே சந்தேகப்படுற.

— நீ மட்டும் இன்னா? அப்பன் வாயப் புடுங்கத்தான வந்துகீற?

— பாக்கி வராத யாரோ கோவத்துல எழுதிட்டாங்கன்னு சார் நெனைக்கிறாரு. எடுத்துட்டா பாக்கி மொத்தமும் கைக்கு வந்துரும். எடுக்கலன்னா எனக்கு சர்டிஃபிகேட் கிடையாது, செமஸ்டரே போச்சு. உன் பேரை நான் சொல்லலப்பா. ஒரு நிமிஷ வேலை, அழிச்சுடு.

— அந்த மூணாவது மாடிய யாரு வாங்கப் போறது தெரிமா? சத்யநாராயணன்னு ஒரு வாத்தியாரு. ரிட்டேரான காசு மொத்தமும் அதுலதான் போடறாராம். பக்கத்து பில்டிங் வேலைக்குப் போனப்போ டீக்கடைல அவரே சொன்னாரு. வெள்ளிக்கெழம அட்வான்ஸு.

— அதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?

— வாயி வர்ல. அதான் எழுதுனேன்.

— அப்ப நீதான்! உன்னை ஏமாத்தின ஆளு மேல கோவம், சரி. அதுக்கு என் படிப்பு போகணுமா?

— அவரு ஏமாத்தல ஜெனி. மீதிக் காசக் கவர்ல போட்டு வூட்டு வாசலுக்கே எட்த்தாந்தாரு. நாந்தான் வாங்கல.

— வாங்கலையா? ஏன்?

— மேஸ்திரி தண்ணி கட்டி வுடலாம்னாரு. வேணாம், இன்னிக்கே ஒட்டிர்லாம்னது நானு. முடிச்சாதான் பாதிக் காசுன்னாங்க. மறுநாளு உனக்கு ஃபீஸ் கட்ட கடைசி நாளு. பாதிய வாங்கி அங்க கட்டிட்டேன். மீதிய வாங்க கை வர்லம்மா, அந்தக் கணக்க அன்னிக்கே அடிச்சுட்டேன்.