இடது கார்பரேட்டர்

— நல்லா ஓடுற வண்டியக் கெடுத்துக் குடுன்னு கேட்டு யாரும் என் கடைக்கு வந்ததில்ல, தங்கச்சி. தெரியாமக் கெடுத்துக் குடுத்திருக்கேன். அது வேற.

— கெடுக்க வேணாம்ண்ணே. எங்க அண்ணன் ஓட்டினப்ப எப்படி இருந்துச்சோ அப்படி வைங்க.

— ரெண்டும் ஒண்ணுதான். அவன் சாகுற வரைக்கும் இதுல இருக்கிற ரெண்டு கார்பரேட்டரும் ஒத்துப் போனதே இல்ல.

— உங்ககிட்டயே விட்டிருக்கணும். அன்னிக்கு நீங்க ஊர்ல இல்ல. வண்டி ஸ்டார்ட்டே ஆகல. மெயின் ரோட்டு மெக்கானிக்கிட்ட தள்ளிட்டுப் போனேன்.

— அவன் கைகாரன். ரெண்டையும் கழட்டிக் கழுவி, ஒரே மூச்சு விட வச்சிருக்கான். தையல் மெஷின் மாதிரி ஓடுது, கேளு. இதுல என்ன குறை?

— அப்பா சாப்பிட மாட்டேங்கறாரு.

— என்னது?

— தினமும் வேலை விட்டு வந்து, உங்க கொட்டகையில இருந்து வண்டிய எடுத்து எங்க தெருவுல ஒரு சுத்து போவேன்ல. எங்க வீட்டு கேட்டுகிட்ட மட்டும் ஆக்ஸிலரேட்டர விட்டுடுவேன். அண்ணன் விடுற மாதிரி. அந்தச் சத்தம் கேட்டாத்தான் தட்டத் தொடுவாரு. முந்தாநாள் இந்தத் தையல் மெஷின் போச்சு. “இவ்வளவு சுத்தம் அவனுக்கு வராது. பய வண்டிய வித்துட்டான்”னாரு. அதோட சரி. தண்ணிகூடப் பல்லுல படல.

— சொல்லிடேன், தங்கச்சி.

— எதை?

— எதன்னு உனக்குத் தெரியாதா?

— கை கால் ஒரு பக்கம் விழுந்து, வாய் கோணி, அவர் ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப அண்ணனக் காய்ச்சல் கொண்டு போயிடுச்சு. வீட்டுக்கு வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். வந்த அன்னிக்கே, “ஜன்னலத் திற, பய போற நேரம்”னாரு. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

— அந்தச் சின்ன ஸ்க்ரூட்ரைவர எடு.

— இதா?

— அதைவிடச் சின்னது. என்ன மனுசங்கய்யா, அப்பனும் மகனும். பேச்சு கிடையாது, முகத்துல முழிக்கிறது கிடையாது. சத்தம் மட்டும் கேக்கணும்.

— எல்லாம் இந்த வண்டியாலதான்.

— சும்மாவா? அவரு தொடைச்சுத் தொடைச்சு வச்சிருந்த வண்டி. இவன் சிலிண்டரக் கடைஞ்சு பெருசாக்கி, ஒரு கார்பரேட்டர் இருந்த இடத்துல ரெண்ட மாட்டிட்டு வந்து நிக்கிறான். “என் வண்டியக் கொன்னவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது”ன்னாரு.

— அண்ணனும் மிதிக்கல. கேட்டு வரைக்கும் வருவான். அதுக்கு மேல ரோசம் விடாது.

— அப்பனுக்குத் தப்பாமப் பொறந்தவன். சரி, உக்காரு. நான் திருப்புறேன், நீ காதக் குடு. இடது பக்கம் காத்தக் குறைக்கிறேன். பெட்ரோல் தூக்கலா இறங்கும். இப்ப?

— இல்ல. இது இருமுது. அது இருமாது.

— இப்ப?

— மூணு தட்டு தட்டிட்டு ஒண்ண முழுங்கும்ண்ணே. நொண்டுற மாதிரி.

— நல்லா வைக்கிறதுக்கு ஒரு இடம்தான், தங்கச்சி. கண்ண மூடிட்டு வைப்பேன். மோசமா வைக்க ஆயிரம் இடம் இருக்கு. அவன் எந்த மோசத்துல வச்சிருந்தான்னு நான் எங்க போய்த் தேட?

— கொஞ்சம் பின்னாடி திருப்புங்க. இன்னும் கொஞ்சம். நில்லுங்க! தொடாதீங்க.

— இதா?

— இதான். அவன் வாசல்ல நிக்கிற மாதிரியே இருக்கு.

— முகத்தத் தொடைச்சுக்க. அந்தத் துணி வேணாம், பூரா ஆயில்.

— இன்னிக்கு நீங்க ஓட்டுங்கண்ணே. நான் அப்பா பக்கத்துல இருக்கணும். கேக்குறப்ப அவர் முகத்தப் பாக்கணும்.

— நான் அவனவிட ரெண்டு மடங்கு கனம்.

— சத்தத்துக்கு ஏதுண்ணே கனம்? தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வாங்க. கேட்டுகிட்ட ஆக்ஸிலரேட்டர விட்டுடுங்க. நின்னுடாதீங்க.

*

— தலகாணிய ஏத்தி வைக்கட்டுமாப்பா?

— ஜன்னலத் திற.

— திறந்துதான் இருக்கு. ஒரு வாய் சாப்பிடுங்க.

— அவன் போகட்டும்.

— அதுக்குள்ள ஆறிடும்பா. நான் வேணா…

— பேசாத. கேளு.

— கேக்குதுப்பா.

— அவன்தான்.

— அவன்தான்பா.

— வண்டிய விக்கல.

— விக்கல. நான்தான் சொன்னேன்ல. இப்பவாவது வாயத் திறங்க.

— இடது பக்கம் நொண்டுது பாரு. முண்டம். இத்தனை வருஷமா ஓட்டுறான், ரெண்டையும் ஒண்ணாப் பேச வைக்கத் தெரியல.

— ஆமாப்பா.

— சிரிக்கிறியா, அழுவுறியா?

— ரெண்டும் இல்ல. ஆ காட்டுங்க.

— ம்.

— இன்னொரு வாய்.

— இரு. இந்நேரம் தெருக்கோடில திரும்பியிருப்பான்.

— திரும்பட்டும். நீங்க மெல்லுங்க.

— அந்தத் தட்டக் கீழ வை.

— ஏம்பா? நல்லாத்தானே சாப்பிட்டுட்டு இருந்தீங்க?

— நான் அந்த வண்டிய எத்தனை தடவை பிரிச்சுப் பூட்டியிருக்கேன். இடது பக்கத்தச் சரி பண்ண எனக்கு இந்த ஒரு கை போதும்.

— அப்பா…

— இதோ, வர்றான். ஓடு, கேட்டத் திற. அப்பா உள்ள கூப்பிடுறாருன்னு சொல்லு.