காப்பி சிந்துச்சா, வெர்லீன்?

"ஹலோ… ஹலோ… ஆமா, வெர்லீன்தான். இந்த போனை வேற யாரு எடுப்பா? … அட, ஹார்லனா! எங்கய்யா இருக்கீங்க எல்லாரும்? … இன்னும் ரெட் வில்லோ திடல்லயேவா? கிளம்பவே இல்லியா? … ஆமா, ஆமா. இங்கயும் விடியற வரைக்கும் ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. இப்ப விட்டுருச்சு. வெயில்கூட வந்துருச்சு."

விமான ஓட்டிகள் வைத்திருக்கும் கையேட்டில் ஹாலோவே திடலுக்கு நேரே அச்சாகியிருப்பது வெர்லீனுடைய நம்பர்தான். நெப்ராஸ்காவின் அந்தப் புல் ஓடுதளத்தில் இறங்க நினைக்கிற எவரும் முதலில் அவளைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். மழை பெய்த மறுநாள் காலை அவள் தன் பிக்கப் வண்டியின் முன்பலகையில் ஒரு கோப்பை நிறையக் காப்பியை வைத்துக்கொண்டு, ஓடுதளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரட்டு விரட்டென்று விரட்டுவாள். காப்பி சிந்தாவிட்டால் தரை கெட்டி, இறங்கலாம். சிந்தினால் சேறு, வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான். அவள் சொன்னதை இதுவரை எந்த ஓட்டியும் மறுகேள்வி கேட்டதில்லை.

அன்றைக்கும் விடிந்ததும் ஓட்டிப் பார்த்திருந்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. இப்போது அதே வண்டியில், கொட்டகை வாசலுக்கு எதிரே சற்றுத் தள்ளி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தபால் விமானங்கள் வந்து போன காலத்து மரக்கொட்டகை அது. உள்ளே திடலின் வருடாந்திர விழாவுக்கு ஊரே கூடிக் காலைப் பலகாரம் சாப்பிடுகிறது; பழைய விமானங்களில் வர வேண்டிய ஹார்லனும் கூட்டாளிகளும்தான் பாக்கி.

"இங்க நிலவரமா? என்னத்தைச் சொல்ல. நம்ம ஊரு விமானம் மூணு நிக்குது. அவ்வளவுதான். வானம் துடைச்சு வச்ச மாதிரி காலி. … வந்துட்டாங்க, வந்துட்டாங்க. இந்த வட்டாரத்தை நிர்வாகம் பண்ற கவுன்ட்டி போர்டு ஆளுங்க மூணு பேரும் முன்வரிசையில உக்காந்துருக்காங்க. … ஆமா, திங்கக்கிழமைதான் முடிவு. திடலைக் கிடங்கு கட்டுற கம்பெனிக்கு வித்துரலாமா வேண்டாமான்னு. 'இங்க ஒரு குருவியாவது இறங்குதான்னு பாத்துட்டுப் போவோம்'னான் அந்தத் தலைவரு, என் காதுபடவே. … அதத்தான் நானும் சொல்றேன். உங்க பழைய விமானம் எல்லாம் வரிசையா வந்து இறங்கினா அவன் வாயை மூடிக்கிட்டுப் போவான். … ஆமா. ஆமா."

இதுவரை பேச்சு ஒழுங்காகத்தான் போனது. ஹார்லன் அதோடு விட்டிருக்கலாம்.

"… யாரு? … ட்ரூடியா? அவளுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கா. … அவ பேன்கேக்கா? உனக்கு யாரு சொன்னது? … ஓஹோ, ரெட் வில்லோ வரைக்கும் பேச்சு வந்துருச்சா! … அதைச் சாப்பிடத்தான் எல்லாரும் ராத்திரியிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கீங்களா? … ம். … ம். … பாத்தேன், பேப்பர்ல பாத்தேன். 'திடலைக் காக்க வந்த பெண்மணி'. கழுத்துல சிவப்புத் துணி, பின்னால சிவப்பு விமானம். அரைப்பக்கத்துக்குப் போட்டிருந்தான் படத்தை.

"நான் ஒண்ணு கேக்கறேன் ஹார்லன். நேத்து ஓமஹாவுலேர்ந்து வந்தவ அவ. இருவது வருஷத்துக்கு மேல இந்தக் கொட்டகையில கல்லு முன்னால நின்னு வெந்தது யாரு? … நான்தானே? ஒரு வருஷமாவது என்னைப் படம் புடிச்சானா ஒருத்தன்? … ஆமா, போட்டான். ஒரு தடவை போட்டான். படத்துல என் முழங்கை இருந்துச்சு."

கொட்டகையின் அகன்ற வாசல் வழியாக அவளுக்கு எல்லாம் தெரிகிறது. அந்தக் கல் அவளுடையது. மாவு ஊற்றும் கரண்டிகூட அவளுடையதுதான். ட்ரூடி ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பேன்கேக்கைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறாள்; சுற்றி நிற்கிற கூட்டம் கை தட்டுகிறது. சமையல்காரியா, சர்க்கஸ்காரியா?

"வசந்தத்துல விழாக் கமிட்டிக் கூட்டம் போட்டாங்க பாரு, அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு எனக்கு. 'வெர்லீன், நீங்க ரொம்ப உழைச்சுட்டீங்க, இந்த வருஷம் ஓய்வெடுங்க'ன்னாங்க. தேனா ஒழுகுச்சு பேச்சு. ஓய்வாம்! நான் என்ன படுத்த படுக்கையாவா கிடந்தேன்? … இல்ல, இரு, நீ இதைக் கேளு. என் வீட்டுக்காரரு லாய்ட் அங்கதான் உக்காந்துருக்காரு. மூணாவது தட்டு. மூணாவது! வீட்டுல நான் சுட்டா 'சர்க்கரை இருக்கு, டாக்டரு திட்டுவாரு'ம்பாரு. இங்க பாகு முழங்கை வரைக்கும் வழியுது, நக்கிக்கிட்டிருக்காரு மனுஷன். … சிரிக்காதே. இதுல சிரிக்க என்ன இருக்கு?

"… என்னது? … காப்பியா?"

ஹார்லன் கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார். வெர்லீன் வாயைத் திறந்தாள். 'சிந்தலை, வாங்க' என்று சொல்லத்தான் திறந்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளே கூட்டம் மறுபடியும் கை தட்டியது.

"… சிந்துச்சு.

"… ஆமாய்யா, சிந்துச்சு. பாதிக் கோப்பை என் மடியிலதான். சட்டையெல்லாம் காப்பி. … சேறுன்னா சேறு, சொதசொதன்னு கிடக்கு. சக்கரம் புதைஞ்சுரும். மூக்குக் குப்புற விழுந்து எந்திரிப்பீங்க. … ஆமா. … வராதீங்க. நான் சொல்றேன், வராதீங்க."

தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்பார்கள். வெர்லீன் அந்த வேலையைத்தான் செய்தாள். இந்த ஓட்டிகள் வராவிட்டால் விழா விழாவாக இருக்காது, விழா இல்லாவிட்டால் திங்கட்கிழமை திடல் போய்விடும். திடல் போனால் போகட்டும், அந்தச் சிவப்புத் துணிக்காரியின் மூஞ்சி சுருங்குவதை ஒருமுறை பார்த்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"… அவங்ககிட்டச் சொல்லு, சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்."

போனைக் காதில் அழுத்தியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஹார்லன் மற்றவர்களிடம் சொல்வதும், அவர்கள் பதில் சொல்வதும் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அவள் முகம் மாறியது.

"… ஒருத்தரும் எதுவும் கேக்கலியா? … 'வெர்லீன் சொன்னா சரி'ன்னாங்களா? … அந்த முசுடு க்ளைடுகூடவா? … ம். … எங்க போகப்போறீங்க? … வீட்டுக்கேவா. … ம். ஆமா. சரிதான். வேற என்ன செய்வீங்க."

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொட்டகைக்குள் போர்டுத் தலைவர் எழுந்து, தொப்பியைத் தலையில் வைத்து, கால்சட்டைப் பையில் கார் சாவியைத் துழாவியபடி வெளியே வந்தார். ட்ரூடி கரண்டியைப் போட்டுவிட்டு அவர் பின்னாலேயே வந்தாள். வந்தவள் வானத்தைப் பார்க்கவில்லை; நேராக வெர்லீனின் வண்டியைப் பார்த்தாள். காதருகே கையை வைத்து, 'போன் வந்துச்சா? வர்றாங்களா?' என்று சைகையில் கேட்டாள். அவளுக்குப் பின்னால் லாய்டும் பாகு வழியும் கையோடு நின்று பார்த்தார். ஊரே அந்த வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ட்ரூடியின் மூஞ்சி நன்றாகவே சுருங்கியிருந்தது. வெர்லீன் அதற்கு அப்பால் புல்லைப் பார்த்தாள். வியாழக்கிழமை அவளே வெட்டிய புல். அதன் மேல் சிமெண்டு கொட்டிக் கிடங்கு கட்டுவார்கள்.

"ஹார்லன்! ஹார்லன், இரு, வச்சிராதே! … சிந்தலை.

"… சிந்தலைய்யா! காப்பி சிந்தலை. தரை காஞ்சு கெட்டியா இருக்கு. … ஆமா, முதல்ல சிந்துச்சுன்னுதான் சொன்னேன். பொய் சொன்னேன். … ஏன்னா? வயித்தெரிச்சல்ல சொன்னேன், போதுமா? நீ ட்ரூடி ட்ரூடின்னு உருகினே, எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு, சொல்லிட்டேன். … இப்ப சொல்றதுதான் உண்மை. … ஐயோ, சத்தியமா! … யாரும் என்னை மிரட்டலை! போர்டு ஆளு யாரும் பக்கத்துல இல்ல. ட்ரூடியும் இல்ல. நான் தனியா வண்டியில உக்காந்துருக்கேன்.

"… அது எனக்குத் தெரியும். … தெரியும். விமானம் கவுந்தா உசிரு போயிரும்னு எனக்குத் தெரியாதா? … ஹார்லன், இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவையாவது… ஆமா. இன்னைக்கு ஒரு தடவை. சரி. ஒத்துக்கறேன்.

"இரு. வைக்காதே. இப்பவே ஓட்டிக் காட்டறேன். … பேசாம காதுல வச்சுக்கிட்டிரு!"

இருக்கையில் கிடந்த குடுவையிலிருந்து காப்பியைக் கோப்பை விளிம்புவரை ஊற்றினாள். அவசரத்தில் ஊற்றும்போதே கொஞ்சம் சிந்தியது. அது கணக்கில் சேராது. வானத்தை ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். போர்டுத் தலைவர் தாவி ஒதுங்கினார். ஓடுதளத்தின் முனையில் ட்ரூடி அழகாக வரிசை வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்புகளில் இரண்டு பறந்தன. அதில் வெர்லீனுக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"போறேன்… போறேன்… கேக்குதா? … பாதி வந்தாச்சு. சத்தம் கேளு. தண்ணி தெறிக்கிற சத்தம் கேக்குதா? … இல்லேல்ல? … மதகு இருக்கிற பள்ளத்தைத் தாண்டறேன்… தாண்டிட்டேன்! கோப்பை அப்படியே நிக்குது. சாமி சத்தியமா அப்படியே நிக்குது. … முடிஞ்சுது. வேலிகிட்ட வந்துட்டேன். நிறுத்திட்டேன். ஒரு சொட்டு இல்ல, ஹார்லன்!

"… என்னது? … ஆமா, இது கடகடன்னு ஆடுற வண்டிதான். நின்ன இடத்துலயே இந்தச் சத்தம் போடும், ஓட்டாமலே ஓட்டினேன்னு சொல்லலாம், எனக்கும் தெரியும். … கோப்பையை உனக்கு எப்படிக் காட்டுவேன்? இது பழைய போனு, படமெல்லாம் அனுப்பாது. … அப்ப நான் சொல்றதை நம்பறதுதான் வழி. … ம். … ம். அதுவும் சரிதான். எந்த வெர்லீனை நம்பறதுன்னு கேக்கறே. கேளு, கேக்க வேண்டியதுதான்."

எஞ்சினை அணைத்தாள். வேலிக்கு அப்பால் சோளக்கொல்லை. பேன்கேக் கல் போனபோதுகூட இப்படி வலிக்கவில்லை. அன்று கல்லைத்தான் பிடுங்கினார்கள். தன் வாக்கைத் தானே தூக்கிப் போட்டுவிட்டு இப்போது உட்கார்ந்திருக்கிறாள்.

"… கேளு. என்ன வேணா கேளு. உண்மையைச் சொல்றேன்.

"… என்னது?

"… அது எதுக்கு இப்ப? … அதுக்கும் புல்லுக்கும் என்ன சம்பந்தம்? … வேற கேளு ஹார்லன். என் வயசைக் கேளு. எடையைக் கேளு, சொல்றேன். … வம்புக்காரா! … இல்ல, வைக்காதே. வைக்காதே. சொல்றேன்."

வண்டிக்குள் அவளைத் தவிர யாருமில்லை. இருந்தும் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"… அவளோடதுதான்.

"… கேக்கலியா? அவ பேன்கேக்குதான் நல்லாருக்கு. என்னோடதைவிட. … ஆமா, தின்னேன். காலையில கொட்டகைக்குப் பின்னால போயி, யாருக்கும் தெரியாம நின்னு தின்னேன். மோர் ஊத்தி ராத்திரியே கரைச்சு வச்சிருக்கா பாவி. மெத்து மெத்துன்னு இருக்கு. என்னோடது ஆறினா செருப்பு மாதிரி ஆயிரும், எனக்கே தெரியும். இருவது வருஷமா நீங்க ஒருத்தரும் சொல்லலை. … ஒண்ணு இல்ல. ரெண்டு. … சரி, நாலு! நாலு தின்னேன், இன்னும் ஒண்ணு இருந்தா அதையும் தின்னுருப்பேன். போதுமா? இதைவிட உண்மை என் வாயிலேர்ந்து வராது.

"… ஹார்லன்? … லைன்ல இருக்கியா? … எதுக்குய்யா இப்படிச் சிரிக்கிறே? … யாரு அங்க இன்னும் சிரிக்கிறது? க்ளைடா?

"… அது என்ன சத்தம்? … எஞ்சினா? … இன்னொண்ணு… இன்னொண்ணும் கேக்குதே! எல்லாம் கிளப்பறீங்களா? … வாங்க! மேற்கேர்ந்து இறங்குங்க, காத்து கிழக்கேர்ந்து எதிர்ல அடிக்குது! கூம்பு ரெண்டு விழுந்து கிடக்கு, நான் எடுத்து வச்சிடறேன்! … ஆமா! ஆமா!

"ஹார்லன், ஒண்ணே ஒண்ணு. நான் சொன்னதை ட்ரூடிகிட்ட மட்டும் சொல்லிராதே, என்ன? … ஹார்லன்? … கேக்குதா? அவகிட்ட மட்டும்… ஹலோ? … ஹலோ!"