கீழ் தாழ்ப்பாள்

அம்மா: வாண்டு, கடைசியாக் கேக்குறேன். திறக்கிறியா, இல்லையா?

வாண்டு: இல்ல.

அம்மா: திமிரைப் பாரு... நாலு வயசுக்கு இந்த வாய்.

நர்ஸ்: என்னக்கா இது? நைட் டியூட்டி முடிச்சு வந்து இப்பத்தான் கண்ணசந்தேன். பக்கத்து பால்கனியில இருக்கிற எனக்கே இப்படிக் கேக்குது, தட்டுற தட்டுல கண்ணாடிக் கதவு உடைஞ்சிடும் போல.

அம்மா: மன்னிச்சுக்கம்மா. துணி காயப்போட பால்கனிக்கு வந்தேன். பூனை மாதிரி பின்னாடியே வந்து கீழ் தாழ்ப்பாளைப் போட்டுட்டான்.

நர்ஸ்: யாரு, இந்தப் பால் மணம் மாறாத மூஞ்சியா?

அம்மா: மூஞ்சியைப் பார்த்து ஏமாந்துடாத. உடம்பு பூரா விஷமம். காலையில என் செல்போனைக் குளிப்பாட்டி, துவட்டி, பவுடர் போட்டு வச்சிருக்கான்.

நர்ஸ்: சோப்பு போட்டானா?

அம்மா: சிரிக்காத, பத்திக்கிட்டு வருது. உள்ள ஓவன்ல கேக் வெந்துட்டிருக்கு. ஆர்டர் குடுத்தவங்க இப்ப வந்துடுவாங்க.

நர்ஸ்: ஐயையோ, ஓவன் எரியுதா? உள்ள இவன் மட்டுமா? இருங்க, நான் வாசப்பக்கமா வரேன்...

அம்மா: எப்படி வருவ? அதுவும் உள்பக்கம் பூட்டியிருக்கு.

நர்ஸ்: அவங்க அப்பா?

அம்மா: பஸ் ஓட்டிக்கிட்டிருப்பாரு. அவருக்கென்ன... பிள்ளை வளர்க்கிறது என் தலையில மட்டும்தானே எழுதியிருக்கு.

நர்ஸ்: சரி, நான் பேசிப் பார்க்கிறேன். செல்லம்... ஆன்ட்டியைப் பாரு. கதவைத் திறந்தா சாக்லேட் தருவேனாம்.

வாண்டு: பல்லு சொத்தையாயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?

நர்ஸ்: ...சொன்னேன்.

அம்மா: பார்த்தியா? இவன்கிட்ட வக்கீலே தோத்துடுவான்.

வாண்டு: அம்மா, டிங்குன்னு மணி அடிச்சிடுச்சு.

அம்மா: டேய், அது பக்கத்துல போகாத. தொட்டு கிட்டு வச்சே...

வாண்டு: தொட மாட்டேன். சுடும்.

அம்மா: இதெல்லாம் நல்லாத் தெரியுது. கேக் கருகிடும்டா, திறடா கண்ணா.

வாண்டு: சாரி சொல்லு.

அம்மா: எது? என்னை வெளிய வச்சுப் பூட்டினது நீ, சாரி நானா? எந்த ஊரு நியாயம்டா இது?

நர்ஸ்: அக்கா, உள்ள ஓவன் எரிஞ்சுக்கிட்டிருக்கு. வீம்பு வேண்டாம், சொல்லித் தொலைங்க.

அம்மா: சாரி. போதுமா?

வாண்டு: அப்படியில்ல. கையைக் கட்டிக்கிட்டு, செவுத்தைப் பார்த்துச் சொல்லணும்.

நர்ஸ்: செவுத்தைப் பார்த்தா...

அம்மா: எங்கேருந்துதான் கத்துக்கிட்டு வருதோ. ஆமா... நேத்து சாயங்காலம் நீ வீட்டுலயா இருந்த?

நர்ஸ்: நேத்தா? இல்லக்கா... சீக்கிரமே கிளம்பிட்டேன். ஏன்?

அம்மா: சும்மாத்தான் கேட்டேன்.

வாண்டு: பேசக் கூடாது. பேசினா இன்னும் நேரமாகும்.

அம்மா: சரி, நின்னாச்சு. கையும் கட்டியாச்சு. சாரி. இப்பத் திற.

வாண்டு: நீ இன்னும் அழலையே.

அம்மா: என்னது?

வாண்டு: அழுது முடிச்சாத்தான் திறக்கணும்.

நர்ஸ்: என்னக்கா... குழந்தை பேசுற பேச்சா இது?

அம்மா: எல்லாம் அந்த ஸ்கூல்தான். டீச்சர் எவளோ இவனைப் பூட்டி வச்சிருக்கா. நாளைக்கே போய் உண்டு இல்லைன்னு பண்ணிட்டு வரேன்.

நர்ஸ்: விடாதீங்கக்கா. நானும் கூட வரேன். பச்சைக் குழந்தை அழுறதைக் கேட்டுக்கிட்டுக் கல்லு மாதிரி இருக்க எப்படித்தான் மனசு வருதோ இவங்களுக்கு.

வாண்டு: டீச்சர் இல்ல ஆன்ட்டி, அம்மாதான். நேத்து நான் அங்கதான் நின்னு அழுதேன். நீங்ககூட ஜன்னல்ல எட்டிப் பார்த்துட்டு, திரையை இழுத்து விட்டுட்டீங்க. நீங்களும் செவுத்தைப் பார்த்து நில்லுங்க, அப்பத்தான் திறப்பேன்.