உருண்டை மணிகள்

தேநீருக்கு நன்றி ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

டைட்டானியக் கலவையை ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு ஆறவிட்டால், உள்ளே தகடு தகடாக, கூடை முடைந்ததுபோல் பின்னிக்கொள்ளும். விரிசல் ஒவ்வொரு தகட்டிலும் முட்டித் திரும்பும், களைத்து நின்றுவிடும். சூடு குறைந்தால் பின்னல் இருக்காது, உருண்டை மணிகள்தான். இழுத்துப் பார்த்தால் பலம் கூடுதலாகக் காட்டும். ஒரு கீறல் விழட்டும், விரிசல் நேராக ஓடிவிடும். எங்கள் கலவைக்குச் சரியான சூட்டைக் கண்டுபிடிக்க ஆறு வருடம் நுண்ணோக்கியில் பார்த்தே என் கண் பூத்துப்போனது.

என் மாப்பிள்ளையை வேலையில் சேர்த்ததும் நான், தங்கையை அவருக்குக் கட்டிக்கொடுத்ததும் நான். "ஒரு வாரம் இருக்கட்டும் மச்சான்" என்று என் குறிப்பேட்டை வாங்கிப் போனார். அடுத்த மாதம் கூட்டத்தில் என் நுண்ணோக்கிப் படங்கள் திரையில் ஓடின. கீழே அவர் பெயர் மட்டும். தட்டச்சு செய்தது தங்கை. என் பெயரை எடுத்ததும் அவள்தான்.

"வெளியாளுக்கா போச்சு? விடுங்கண்ணா" என்றாள். விட்டுவிட்டேன்.

பிறகு ஆழ்கடல் கலத்தைத் தூக்கி இறக்கும் கொக்கி என் உலைக்கு வந்தது. ஆயிரத்து முப்பது வைக்க வேண்டும். தொள்ளாயிரத்து நாற்பது வைத்தேன். அறிக்கையில் பொய் எழுதவில்லை. இழுவிசை எண் உண்மை. விரிசல் சோதனைக் கட்டத்தில் 'செய்யப்படவில்லை' என்று எழுதினேன், அதுவும் உண்மை. நுண்ணோக்கிப் படத்தை முதல் பக்கத்திலேயே ஒட்டினேன். கண்டுபிடித்தவர் அவர்தான் என்றால் ஒரு பார்வை போதுமே?

அவர் பக்கத்தைப் புரட்டினார். "பலம் கூடியிருக்கே, கலக்கிட்டீங்க மச்சான்" என்று கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் முறை தூக்கும்போது கொக்கி முறிந்தது. மாப்பிள்ளை மேல்தளத்தில் பத்திரமாக நின்றிருந்தார். கலத்துக்குள் இருந்தது ஓட்டுநரும், கருவிகளைக் கவனிக்கும் என் தங்கையும்.

அவள் உள்ளே போவது தெரியாது என்று நேற்று விசாரணையில் சொன்னேன். தெரியும் ஐயா. அன்று காலை போன் செய்தாள்.

"கொக்கி உங்க கையால பார்த்ததுதானேண்ணா?"

"ஆமாம்மா, நானே பார்த்தேன். தைரியமா போ."

அதிலும் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஏமாற்றுவது எங்கள் வீட்டில் மற்றவர்களுக்குத்தான் வரும்.