ரத்தத்துல இல்லைன்னு ஒரு வார்த்தை

— இப்ப எங்கிட்டச் சொன்னீங்களே டாக்டர், அதையே வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கறவருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியமுங்க.

— நான் என்னம்மா சொன்னேன்? பையன் வயித்துல இருந்தப்போ உங்க உடம்பு அனலாக் கொதிச்ச மாதிரி எப்பவாவது ஆச்சான்னு கேட்டேன். கேள்விதானே கேட்டேன்?

— கேட்டுப்போட்டு, அதனாலயும் பின்னால பிள்ளைக்குப் புத்தி இப்படித் தடுமாறலாம்னீங்கல்ல? சொன்னீங்களா இல்லீங்களா?

— சொன்னேன். நிச்சயம்னு சொல்லலையே.

— எனக்கு அதுவே போதுமுங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு என்ற பொண்ணு கரையேறிக்குவா.

— மெதுவாப் பேசுங்க. மொதல்ல உக்காருங்க பாப்பாயம்மா. மனோஜ்குமாரை ஒரு வருஷமா உங்க வீட்டுக்காரர்தான் எங்கிட்டக் கூட்டிட்டு வர்றார். நீங்க மாசமா இருந்தப்போ சீக்கு ஏதும் வந்துச்சான்னு அவர்கிட்டக் கேட்டேன். ஒண்ணுமே இல்லைன்னார். இன்னைக்கு மொதல் தடவையா நீங்க வர்றீங்க, வேற கதை சொல்றீங்க.

— அவருக்கு என்னுங்க தெரியும்? தென்னைக்குத் தண்ணி கட்டுனது தெரியும், காய் போட்டது தெரியும். அதுவும் போக, அது சீக்கு இல்லீங்களே. ஆத்தா வந்திருந்தா. அப்ப எனக்கு அஞ்சாம் மாசம்.

— அம்மை போட்டிருந்துச்சா?

— ஆமாங்க. உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும் முத்து. மேலுல கைய வெச்சா வெக்கற கை பொசுங்கும், அப்படிக் கொதிச்சுது. வேப்பந்தழையில போட்டு வெச்சிருந்தாங்க. உடுமலைப்பேட்டைக்கு வண்டி கட்டுனா ஆஸ்பத்திரிதான். ஆனா ஆத்தா வந்த ஊட்டுக்குள்ள மருந்து மாத்திரை வரப்படாதுன்னு என்ற மாமியா சொல்லிப்போட்டாங்க. எனக்கும் அதுதானுங்க சரின்னு பட்டுச்சு. பொய் எதுக்குங்க?

— இத முன்னாடி பார்த்த டாக்டருங்ககிட்டச் சொல்லலையா நீங்க?

— பொள்ளாச்சியில கேட்டாங்க. மாசமா இருக்கறப்ப நோவு நொடி ஏதாச்சும் வந்துச்சான்னு. இல்லீங்கன்னேன். ஆத்தா வந்ததை நோவுன்னு எந்த வாயிலீங்க சொல்றது? நீங்கதான் மேலு கொதிச்சுதான்னு கேட்டீங்க. கொதிச்சுதுங்களே! அத எப்படி இல்லைங்கறது?

— சரி. வெளிய இருக்கறவர் யாரு?

— வேங்கடசாமி அண்ணனுங்க. ஆனைமலைக்காரர், தேங்காய் மண்டி வெச்சிருக்காரு. அவரு பையனுக்குத்தான் என்ற பொண்ணு பிரவீனாவைப் பேசி முடிச்சிருந்தோம். உப்புச்சக்கரையும் மாத்தி நிச்சயம் பண்ணியாச்சு. வைகாசியில கல்யாணமுங்க.

— நல்ல விஷயம்தானே?

— நல்லாத்தான் இருந்துச்சு. மனோஜ்குமார் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், லீவு கெடைக்கலைன்னு அவியகிட்டச் சொல்லி வெச்சிருந்தோம். நிச்சயத்தன்னைக்கு ஒறம்பரை சனமெல்லாம் சாப்பாட்டு எலையில உக்காந்தாச்சு. மோட்டார் ரூமுல பூட்டி வெச்சிருந்த பையன் எப்படியோ வெளிய வந்துட்டானுங்க.

— பூட்டி வெச்சிருந்தீங்களா?

— என்னைத் திட்டுங்க டாக்டர், நல்லாத் திட்டுங்க. பெத்தவ சாவி போட்டுப் பூட்டுனா அவ நெஞ்சு எப்படி இருக்கும்னு மட்டும் கேக்காதீங்க. வந்தவன் நேரா வேங்கடசாமி அண்ணன் எலைக்கு முன்னால நின்னு கையெடுத்துக் கும்பிட்டான். "மாமா, அந்த மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க, அது என்னை அசிங்கம் அசிங்கமாப் பேசுது"ன்னான். அப்ப மோட்டார் ஓடவே இல்லீங்க. ஊருக்கே கரண்ட் இல்லை.

— அவனுக்குக் கேக்கற அந்தக் குரல் நிஜம்மா. நமக்குத்தான் கேக்காது.

— அவரு எலையை மூடிட்டு எந்திரிச்சுட்டாருங்க. பந்தியே எந்திரிச்சுருச்சு. மறாநாளு சொல்லி அனுப்புறாங்க, வம்சத்துல இருக்கற கோளாறை மறைச்சுப் பொண்ணுக் குடுக்கப் பார்த்தீங்களே, உங்க ரத்தம் எங்களுக்கு வேண்டாமுன்னு. நான் போயிக் கெஞ்சுனதுக்கு, டாக்டர் வாயால கேட்டுக்கறேன்னு இன்னைக்குக் கூட வந்திருக்காரு. எந்த வம்சத்துல இருக்குதுங்க? என்ற பொறந்த ஊட்டுலயும் இல்ல, புகுந்த ஊட்டுலயும் இல்ல. இவன் ஒருத்தன்தான். பாலிடெக்னிக்ல படிச்சுட்டு இருந்த பையன், ரேடியோவைப் பிரிச்சு மாட்டுவானுங்க. ஒரு தீவாளிக்கு ஊட்டுக்கு வந்தவன் திரும்பிக் காலேஜுக்குப் போவல.

— உங்க கஷ்டம் எனக்குப் புரியுது.

— புரியாதுங்க. கோவிச்சுக்காதீங்க, புரியாது. நான் மாசாணியாத்தா கோயில்ல மொளகா அரைச்சுப் பூசுனேன். நமக்குக் கெடுதி பண்ணுனவனை ஆத்தா கேக்கட்டும்னு அரைக்கறது. கல்லுல அரைச்சுட்டு உக்காந்திருக்கேன், யாருக்குன்னு அரைச்சேன்னு எனக்கே தெரியல. செய்வினை வெச்சிருப்பான்னு என்ற கொழுந்தனார் பொண்டாட்டி மேல சந்தேகம். அவ பாவமுங்க, அவளே இவனுக்குச் சோறு ஊட்டி வளத்தவ. கண்ணுல தண்ணியா ஊத்துது, மொளகாயாலயா, மனசாலயான்னு தெரியல. இன்னைக்கு நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க, என்ற நெஞ்சுல இருந்த பாறாங்கல்லு எறங்கிருச்சு. யாரும் ஒண்ணும் பண்ணல. ரத்தமும் இல்ல, செய்வினையும் இல்ல. காய்ச்சலுங்க! வந்துட்டுப் போன காய்ச்சல்!

— அம்மா, நான் சொல்றதக் கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்ணிப் பார்த்திருக்காங்க. ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் பரவுன காலத்துல மாசமா இருந்தவங்களுக்குப் பொறந்த பிள்ளைகள்ல, பெரியவங்களானப்புறம் இந்த மாதிரி வர்றது கொஞ்சம் அதிகமா இருக்கோன்னு ஒரு சந்தேகம். தாயோட உடம்பு கிருமியோட சண்டை போடுது இல்லையா, அந்தச் சண்டையில உண்டாகிற சில ரசாயனங்கள் வயித்துக்குள்ள வளர்ற மூளையையும் தொடுதோன்னு நெனைக்கிறாங்க. இல்லைன்னு சொல்ற டாக்டருங்களும் இருக்காங்க. ஆயிரம் தாய்மாருக்குக் காய்ச்சல் வந்தா, பெரும்பாலான பிள்ளைங்க நல்லாத்தான் இருக்கும். உங்க பையனுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு நான் கையெழுத்துப் போட முடியாது.

— கையெழுத்து யாருங்க கேட்டா? வாயால சொல்லுங்க. இப்ப எங்கிட்டச் சொன்னீங்களே, அதே மாதிரி.

— ரத்தத்துல இல்லவே இல்லைன்னும் என்னால சொல்ல முடியாதும்மா.

— அதைச் சொல்லாதீங்க! உங்க காலைப் பிடிக்கிறேன், அதை மட்டும் அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. இவனைக் குணமாக்குங்கன்னு கேக்க வரலீங்க நான். நீங்க குடுக்கற மாத்திரையைத் திங்கறான், தூங்கறான், அவ்வளவுதான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஒண்ணு போச்சு. இன்னொண்ணையாச்சும் காப்பாத்திக் குடுங்க. இந்த எடம் தட்டிப்போச்சுன்னா அப்பறம் யாருங்க வருவா? எந்த ஊருக்குப் போனாலும் அந்த மோட்டார் பேச்சு முன்னாடி போயி நிக்குது.

— எந்திரிங்க. மொதல்ல எந்திரிங்கம்மா. அழாதீங்க. அவரை உள்ள வரச் சொல்லுங்க. பொய் சொல்ல மாட்டேன். தெரிஞ்சதைச் சொல்றேன்.

— அண்ணா! ஏனுங்கண்ணா, உள்ள வாங்க. டாக்டர் கூப்பிடறாரு.

— வணக்கமுங்க டாக்டர். இந்த ஆர்.எஸ்.புரத்துல வண்டிய நிறுத்த ஒரு எடம் கெடைக்குதுங்களா? அட, நானும் சுத்துறேன் சுத்துறேன். சேரி, சுத்தி வளைக்காமக் கேட்டுப்போடறேன். நான் தேங்காய்க்காரன். ஒரு நாத்து சொணங்குனா எனக்கு ரெண்டே கேள்விதான். வித்துல கோளாறா, பாத்தியில கோளாறா? வித்துன்னா அந்த மரத்துல ஒரு காயும் வெதைக்கு எடுக்க மாட்டேன். பாத்தின்னா அது வேற சங்கதி.

— உக்காருங்க வேங்கடசாமி. இந்த அம்மாவுக்கு அந்தப் பையன் வயித்துல இருந்தப்போ கடுமையா அம்மை போட்டு, நாள் கணக்குல காய்ச்சல் அடிச்சிருக்கு. மருந்தும் எடுத்துக்கல. அந்த மாதிரிக் காய்ச்சல் பிள்ளையோட மூளையைப் பாதிக்கலாம்னு ஒரு கருத்து இருக்கு. நிரூபிக்கல, ஆனா இருக்கு.

— அப்ப பாத்தி.

— அவ்வளவு சுலபமா இல்லீங்க. சில குடும்பங்கள்ல இந்த நோய் திரும்பத் திரும்ப வரும். இவங்க சொல்றபடி பார்த்தா ரெண்டு பக்கத்துலயும் வேற யாருக்கும் வந்ததில்லை. அப்படி இருக்கறப்போ அந்தக் காய்ச்சலுக்கு ஒரு பங்கு இருந்திருக்கலாம்னு நெனைக்க எடம் இருக்கு.

— டாக்டரய்யா, என்ற பையனுக்கு அந்தப் புள்ளைய ரொம்பப் பிடிச்சிருக்குது. நாலு நாளா சோத்துல கை வெக்க மாட்டேங்கறான், அவங்கம்மா மூஞ்சியப் பார்க்க மாட்டேங்கறான். எனக்கும் அந்தப் புள்ள மேல ஒரு குத்தமும் இல்ல. நான் கேக்கறது ஒண்ணுதான். அண்ணங்காரனுக்கு வந்தது தங்கச்சிக்கு வருமா?

— ரத்த வழியா வர்ற வாய்ப்பு எல்லாக் குடும்பத்துலயும் கொஞ்சம் உண்டு. ஆனா காய்ச்சல்தான் காரணம்னு வெச்சுக்கிட்டா, அது அந்தப் பிள்ளையோட முடிஞ்சுது. எந்தக் குழந்தை அந்த மாசத்துல வயித்துல இருந்துச்சோ, அதை மட்டும்தான் அந்தக் காய்ச்சல் தொட்டிருக்கும். முன்னாடி பொறந்ததுக்கும் பின்னாடி பொறந்ததுக்கும் அதனால ஒண்ணும் கெடையாது.

— அவ்வளவுதானுங்களே! இதைக் கேக்கத்தானுங்க நான் ஆனைமலையில இருந்து வந்தேன். மனசு லேசாயிருச்சுங்க. அம்மணி, கேட்டுக்கிட்டீங்களா?

— டாக்டர்... அதை மறுக்காச் சொல்லுங்க.

— எதைம்மா?

— வயித்துல இருந்த புள்ளையத்தான் தொடும்னீங்களே.

— ஆமா. அந்த நேரத்துல வயித்துல இருந்த பிள்ளையை.

— என்ன அம்மணி, நல்ல சேதி கேட்டுட்டு மூஞ்சி இப்படிச் செத்துப்போச்சு? நான்தான் அன்னைக்கு அவசரப்பட்டு எலையை மூடிட்டேன். தப்புத்தான், மனசுல வெச்சுக்காதீங்க. கல்யாணத்துக்கு அந்தப் பையனையும் மணவறைக்குப் பக்கத்துல சேர் போட்டு உக்கார வைங்க. எவன் என்ன சொல்றான்னு நான் பார்த்துக்கறேன். என்ற மருமகளோட அண்ணன், எதுக்கு மறைக்கோணும்?

— சேரிங்கண்ணா.

— நான் போயி அந்த முக்குல இருக்கற எஸ்.டி.டி. பூத்துல ஊட்டுக்கு ஒரு போனைப் போட்டுச் சொல்லிப்போடறேன். பையன் இன்னைக்காச்சும் சாப்புடட்டும். வாரேனுங்க டாக்டர். பெரிய உதவிங்க இது. அம்மணி, நீங்க மெதுவா வாங்க, வண்டியிலயே உடுமலையில எறக்கி உட்டுப்போட்டுப் போறேன்.

— பாருங்கம்மா, எவ்வளவு நல்ல மனுஷன். நான் கூடப் பயந்துட்டுத்தான் இருந்தேன். கேட்டது கெடைச்சிருச்சுல்ல? தண்ணி குடிங்க. ஏன் டம்ளரைத் தள்ளி வெக்கறீங்க?

— டாக்டர், இது வருதுன்னா எந்த வயசுல வருமுங்க?

— பெரும்பாலும் இருபது வயசை ஒட்டி. பசங்களுக்குக் கொஞ்சம் முன்னாலயே வந்துரும்.

— பொண்ணுகளுக்கு?

— பொண்ணுங்களுக்குச் சில சமயம் பிந்தி வரும். கல்யாணம் ஆகி, கொழந்தை பொறந்தப்புறம் கூட வர்றது உண்டு. அதெல்லாம் எதுக்கு இப்பக் கேக்கறீங்க? பிரவீனாவுக்குத்தான் அந்தக் காய்ச்சலால ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டேனே.

— அவரு போயிட்டாருங்களா?

— போயிட்டார். போன் பண்ணப் போயிருக்கார். என்னம்மா? என்னாச்சு? சொல்லுங்க.

— ரத்தமில்ல, காய்ச்சல், காய்ச்சல்னு உங்க காலைப் பிடிச்சு நானே கேட்டு வாங்குனேன், அது எங்க போயி விழுகுதுன்னு எனக்கு இப்பத்தானுங்க உறைக்குது... ஆத்தா வந்தப்ப என்ற வயித்துல ரெண்டு பேருமே இருந்தாங்க டாக்டர், அவனும் பிரவீனாவும் ரெட்டைப் புள்ளைங்க.